தெய்வத்துக்கும் அடியவருக்கும் நடுவில் உள்ள கடன்: ஒரு மிகுபுனைவு நாவலாசிரியருக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மக்கள் வணங்க வணங்க வலுப்பெறும் தெய்வங்கள் வாழும் ஓர் உலகத்தைப் படைத்து, அதில் மறக்கப்பட்டுவரும் ஓர் ஆற்றுத் தெய்வத்தையும் அதன் கடைசி அடியவளான ஓர் இளம்பெண்ணையும் நெடும்பயணத்தில் அனுப்பி, ஒரு சாகச நாவலைப் பாதி எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தவர்களோ, தெய்வங்கள் மாயசக்தி கொண்ட குறுநில மன்னர்களைப் போலத் தோன்றுகிறார்கள் என்றும், வழிபாடு வண்டிக்கு ஊற்றும் எரிபொருளைப் போல அளந்து ஊற்றப்படுகிறது என்றும், இரண்டுக்கும் நடுவில் உயிர் இல்லை என்றும் சொல்கிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது என்பது உங்கள் கேள்வி.

உங்கள் நாவலின் பொருள் தெய்வங்களின் வலிமை என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அதன் பொருள் தெய்வத்துக்கும் அடியவருக்கும் நடுவில் உள்ள கடன். எத்தனை பேர் வணங்கினால் எந்தத் தெய்வம் எந்த அற்புதத்தைச் செய்யலாம் என்பதற்கு மூன்று பக்கம் விதி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண் தன் தெய்வத்திடம் கடைசியாக எதைக் கேட்டாள், அது கிடைத்ததா, கிடைக்காமல் போன மறுநாள் காலையில் அவள் என்ன மனத்தோடு விளக்கேற்றினாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. யார் யாருக்கு என்ன கொடுக்கவேண்டியவர், அதை யார் முதலில் தவறவிட்டார், தவறவிட்ட பிறகு இருவரும் எப்படி ஒருவரை ஒருவர் எதிர்கொள்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால், உங்கள் ஆற்றல் விதிகளில் முக்கால்வாசி தேவைப்படாமலே போய்விடும்.

வழிபாட்டை உண்டு வாழும் தெய்வம் என்பது இக்கால மிகுபுனைவு எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். மெசப்பொத்தேமியாவின் 'அத்ரகாசிஸ்' காவியத்தின் பழைய பாபிலோனியப் படி கி.மு. 17-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அதிலேயே இந்தக் கருத்து முழு வடிவில் இருக்கிறது. கால்வாய் வெட்டி அலுத்துப்போன சிறு தெய்வங்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த உழைப்பைச் சுமப்பதற்கென்றே மனிதர்கள் படைக்கப்படுகிறார்கள். மனிதர்கள் பெருகி எழுப்பிய இரைச்சலில் என்லில் என்ற தலைமைத் தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது. கடைசியில் அவர் ஊழிவெள்ளத்தை ஏவுகிறார். வெள்ளத்தில் மனிதர்கள் அழிந்ததும் படையல் நின்றுபோகிறது, தெய்வங்கள் பசியிலும் தாகத்திலும் வாடுகின்றன. குடும்பத்தோடு தப்பிப் பிழைத்த அத்ரகாசிஸ் கரையேறிப் படையலிட்டபோது, அதன் மணத்துக்குத் தெய்வங்கள் ஈக்களைப் போல மொய்த்தன என்று அந்தக் காவியம் சொல்கிறது. ஈ என்ற அந்த ஒரு சொல்லில், உலகத்தையே அழிக்க வல்லவர்களின் முழு அவலமும் வந்துவிடுகிறது. உங்கள் மூன்று பக்க விதிகளால் இதைச் செய்ய முடியவில்லை.

கி.மு. 414-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகம் இதே கருத்தைப் போர்த்தந்திரமாக மாற்றுகிறது. பறவைகள் வானத்துக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு நகரத்தைக் கட்டி, பலிப்புகை மேலே போகாதபடி மறித்துவிடுகின்றன. பசி தாங்காத தெய்வங்கள் சமாதானத் தூது அனுப்புகிறார்கள். தூதர்களில் ஒருவரான ஹெராக்ளீஸ், அங்கே சமைக்கப்படும் இறைச்சியைக் கண்டதுமே எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிடுகிறார். அது நகைச்சுவை நாடகம்தான் என்றாலும், சாகசக் கதை எழுதுபவர் கவனிக்கவேண்டிய ஒன்றை அது மிகத் தெளிவாகக் காட்டுகிறது. தெய்வத்தின் பசி எந்த வழியாகத் தீர்கிறது என்பது வாசகருக்குக் கண்முன் தெரிந்தால், அந்த வழியை அடைப்பதும் திறப்பதும் கடத்துவதும் காப்பதும் தாமாகவே கதையாகிவிடும். உங்கள் உலகத்தில் வழிபாடு எப்படித் தெய்வத்தைச் சென்றடைகிறது? புகையாகவா, பாட்டாகவா, ஆற்றில் விடும் பூவாகவா, அல்லது பெயரைச் சொல்லும் மூச்சாகவா? கைப்பிரதியில் 'நம்பிக்கை அலை' என்று ஏதோ ஒன்று பாய்கிறது. அலை என்றால் யாராலும் அதைக் கையால் தொட முடியாது, வழியில் நின்று தடுக்கவும் முடியாது. பூவாக இருந்தால், மேல்நிலத்தில் ஒருவன் அணை கட்டி அதைத் தேக்கிவிட முடியும்.

கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் பேரமும் வரும். அடியவர் தரப்பிலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். அத்ரகாசிஸ் காவியத்திலேயே, வெள்ளத்துக்கு முன்னால், மனிதர்களைக் குறைக்க என்லில் கொள்ளைநோயை அனுப்பும் இடம் ஒன்று உண்டு. மனிதர் பக்கம் நிற்கும் என்கி என்ற தெய்வம் அதற்கு ஒரு வழி சொல்லித்தருகிறார்: மற்ற எல்லாத் தெய்வங்களின் வழிபாட்டையும் நிறுத்துங்கள், நோயைக் கொண்டுவரும் நம்தாரின் வாசலுக்கு மட்டும் ரொட்டி சுட்டு எடுத்துப் போங்கள், அந்தக் காணிக்கையைக் கண்டு அவர் வெட்கப்பட்டுத் தன் கையை விலக்கிக்கொள்வார். அப்படியே நடக்கிறது. பகைத்தெய்வத்தை வெல்ல வாளையும் மந்திரத்தையும் தேடாமல், அதைக் காணிக்கையால் நாணவைத்து வெல்லும் இந்த உத்தியைப் போல அழகான ஒன்றை எந்தச் சாகசக் கதையிலும் நான் படித்ததில்லை. உங்கள் கதாநாயகி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எரிமலைத் தெய்வத்தைக் கத்தியால் குத்துகிறாள். அந்த இடத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேரம் எப்போதும் தந்திரமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அது துயரத்தின் குரலாகவும் வரலாம். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் நாட்டை ஆண்ட இரண்டாம் முர்சிலி, தன் நாட்டில் 20 ஆண்டுகளாக ஓயாத கொள்ளைநோயைப் பற்றித் தெய்வங்களுக்குச் செய்த வேண்டுதல்கள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மன்னர் கெஞ்சுகிறார், கணக்கும் கேட்கிறார்: உங்களுக்கு ரொட்டி சுடுபவர்களும் பானம் வார்ப்பவர்களும் செத்துக்கொண்டிருக்கிறார்களே, இவர்களும் போய்விட்டால் உங்களுக்கு யார் படைப்பார்கள்? பிறகு குறி கேட்டுக் காரணத்தைத் தேடுகிறார். ஓர் ஆற்றுக்குச் செய்யவேண்டிய சடங்கு விடுபட்டுப்போனதும், தந்தை எகிப்தோடு செய்த உடன்படிக்கையை மீறியதும் காரணங்களாகத் தெரியவருகின்றன. தான் செய்யாத பிழையைத் தந்தையின் பிழையாக ஒப்புக்கொண்டு, கூட்டில் அடைக்கலம் புகும் பறவையை அந்தக் கூடு காப்பாற்றுவதைப் போலத் தன்னைக் காக்கவேண்டும் என்று அவர் மன்றாடுகிறார். ஓர் ஆற்றின் சடங்கு விட்டுப்போனதால் ஒரு பேரரசு 20 ஆண்டுகள் செத்துக்கொண்டிருந்தது என்று அந்த மன்னர் மனமார நம்பினார். நீங்கள் எழுதுவதும் ஓர் ஆற்றுத் தெய்வத்தின் கதை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நம் மொழியில் இதே அச்சத்தை 'மணிமேகலை' எத்தனை கூர்மையாகக் கையாள்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இந்திரவிழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் துன்பம் செய்யும் என்ற எச்சரிக்கையோடு காப்பியம் தொடங்குகிறது. பின்னால், காணாமல்போன மகனைத் தேடும் துயரத்தில் சோழன் அந்த விழாவை மறந்துவிட, புகார் நகரைக் கடல் கொள்க என்று மணிமேகலா தெய்வம் சாபமிடுகிறது. கதாநாயகியைத் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் காப்பாற்றி, மந்திரங்கள் தந்து, தாயைப் போல நின்ற அதே தெய்வம்தான் அவள் பிறந்த ஊரை அழிக்கிறது. அழிவுக்குக் காரணமானவனோ கொடியவன் இல்லை, பிள்ளையைத் தொலைத்த ஒரு தகப்பன். அடியவர் தவறியதற்கு மன்னிக்கத்தக்க காரணம் இருக்கவேண்டும், தெய்வம் தண்டிப்பதற்கும் மறுக்க முடியாத நியாயம் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் மோதும்போது வாசகருக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் போகிறது. உங்கள் கைப்பிரதியில் ஆற்றுத் தெய்வத்தை மறந்தவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அழுதுகொண்டே மறந்தவராக இருக்கட்டும்.

அடுத்தது வழிபாட்டின் அன்றாட வேலை. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் திருவிழாவை எழுதுகிறார்கள், பலியை எழுதுகிறார்கள், விடியற்காலையை எழுதுவதில்லை. பழைய எகிப்தியக் கோயில்களில் ஒவ்வொரு விடியலிலும் பூசகர் கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் திறந்து, தெய்வத்தை எழுப்பி, கழுவி, ஆடை மாற்றி, எண்ணெய் பூசி, உணவு படைத்து, வெளியேறும்போது தன் காலடித் தடத்தையும் துடைத்துவிட்டுப் போவார். படைத்த உணவு பிறகு பூசகர்களுக்குப் பங்காகும். அந்தப் பூசகர்களில் பெரும்பாலோர் முறைவைத்துப் பணிசெய்தவர்கள். தங்கள் முறை முடிந்ததும் வீட்டுக்கும் தொழிலுக்கும் திரும்பியவர்கள். இத்தகைய விவரங்களில் ஒரு முழு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. தெய்வத்தைக் குளிப்பாட்டும் கைக்குத் தெய்வத்திடம் உள்ள அச்சம், வணங்கிவிட்டுப் போகிறவரின் அச்சத்தைப் போன்றது இல்லை. தினமும் தொட்டுப் பணிசெய்பவருக்குத் தெய்வத்தின் சிலையில் எந்த விரல் உடைந்திருக்கிறது என்று தெரியும். எந்த நாளில் அது கோபமாக இருக்கிறது என்பதும் தெரிவதாகத் தோன்றும். உங்கள் கதாநாயகி கடைசி அடியவள் என்றால், ஒரு காலத்தில் நூறு பேர் செய்த வேலை முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கும் அல்லவா? அவள் எதைத் தொடர்கிறாள், எதை மனவருத்தத்தோடு கைவிட்டாள், எந்தச் சடங்கின் சொற்களைப் பாதி மறந்துவிட்டு மீதியைத் தானே இட்டு நிரப்பினாள்? அந்த இட்டு நிரப்பிய சொற்களைத் தெய்வம் ஏற்றுக்கொண்டதா என்ற ஐயத்தோடு அவள் நாவல் முழுவதும் நடக்கலாம்.

வேண்டுதல்களின் அளவையும் குறையுங்கள். உங்கள் கதையில் எல்லாரும் நாட்டைக் காப்பாற்று, இருளை விரட்டு என்றே வேண்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத்தகடுகள் எடுக்கப்பட்டன. ரோமானியர் காலத்தில் மக்கள் அவற்றில் எழுதிப் போட்டவை பெரும்பாலும் திருட்டுப் புகார்கள்: என் மேலாடையைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, யாராக இருந்தாலும் தண்டித்துவிடு என்று வழக்கு மனுவைப் போல எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தின் தொதோனாவில் சீயஸிடம் குறி கேட்டு எழுதிய ஈயத்தகடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தன் துணைவி சுமக்கும் குழந்தை தன்னுடையதுதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காணாமல்போன மேலாடைக்காகத் தெய்வத்தின் வாசலில் நிற்கும் மனிதர் ஒருவர் கதைக்குள் வந்துவிட்டால், அந்த உலகத்தில் மக்கள் வாழ்கிறார்கள் என்று வாசகர் நம்பிவிடுவார். ஆற்றுத் தெய்வத்தின் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகள் மேலாடைகளையும் ஆடுமாடுகளையும் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த தெய்வம், கேட்க ஆளில்லாத அமைதியில் எதற்காக ஏங்கும்? பெரிய பாமாலைகளுக்காக ஏங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சில்லறைப் புகார்களுக்காகத்தான் ஏங்கும்.

தெய்வம் தன் மக்களை விட்டுப் போவது என்பது உங்கள் நாவலின் நடுப்பகுதியில் வரும் நிகழ்ச்சி. அதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில், ஒளி மங்குகிறது, சிலை விரிசல் விடுகிறது, தெய்வம் மறைகிறது, அவ்வளவுதான். ஆனால் பண்டைய உலகத்தார் இந்த ஒரு நிகழ்ச்சியை எத்தனை விதமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துகிறது. மூன்று கதைகளை மட்டும் சொல்கிறேன்.

ரோமானியர்களிடம், முற்றுகையிட்ட பகைநகரத்தின் காவல்தெய்வத்தைத் தங்கள் பக்கம் வரும்படி அழைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. கி.மு. 396-இல் வேயி நகரம் வீழ்வதற்குச் சற்று முன், ரோமானியத் தளபதி கமில்லஸ் அந்நகரின் யூனோ தெய்வத்துக்கு ரோமில் கோயில் கட்டித்தருவதாக வாக்களித்தார். நகரம் பிடிபட்ட பிறகு, குளித்து வெள்ளாடை உடுத்திய இளைஞர்கள் சிலையை எடுத்துவர அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவன், ரோமுக்கு வர விருப்பமா என்று தெய்வத்திடம் கேட்க, சிலை தலையசைத்தது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வெற்றிபெற்றவன் அனுமதி கேட்கிறான் என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞன் விளையாட்டாகக் கேட்டானா, தெய்வத்தின் தூண்டுதலால் கேட்டானா என்பதை லிவி தீர்த்துச் சொல்லாமல் விடுகிறார். வேயியில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி அப்போது அந்தக் கோயிலின் மூலையில் ஒளிந்திருந்து அந்தத் தலையசைப்பைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். ஊர் வீழ்ந்ததைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடியும். தன் தெய்வம் சம்மதித்ததை எப்படித் தாங்குவாள்?

இரண்டாவது கதை தைர் நகரத்துடையது. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் அந்தத் தீவுநகரை முற்றுகையிட்டிருந்தபோது, அப்போலோ தங்களை விட்டு அலெக்சாந்தரிடம் போகப்போகிறார் என்று நகரத்தில் பலர் கனவு கண்டதாகப் பேச்சு எழுந்தது. மக்கள் அப்போலோவின் சிலையைப் பொற்சங்கிலியால் கட்டிப்போட்டார்கள். கட்சி மாறியவன் என்று வைதார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். வணங்கும் கையே விலங்கு பூட்டுகிறது, ஆனால் அப்போதும் இரும்பை எடுக்க மனம் வராமல் பொன்னால் பூட்டுகிறது. பயமும் மரியாதையும் காதலும் ஆத்திரமும் அந்தச் சங்கிலி ஒன்றில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பெரிய தெய்வங்களின் நகரங்களில் ஒன்றுக்கு இப்படியொரு கோயிலைக் கொடுத்துப் பாருங்கள்: உள்ளே கட்டப்பட்டிருக்கும் தெய்வம், சங்கிலியைத் தினமும் மெருகேற்றும் பூசகர்கள், அந்தத் தெய்வம் மனமுவந்து தங்குகிறதா என்று எவருக்கும் தெரியாத ஊர். உங்கள் பயணக்குழு அங்கே இரண்டு இரவு தங்கினாலே மூன்று அத்தியாயம் வந்துவிடும்.

மூன்றாவது, நாம் எல்லாரும் அறிந்தது. கணிகண்ணனை நாடுகடத்தும்படி பல்லவ மன்னன் ஆணையிட, அவருடைய குருவான திருமழிசையாழ்வார் பெருமாளிடம், கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், நீயும் இங்கே கிடக்கவேண்டாம், உன் பாம்புப்பாயைச் சுருட்டிக்கொள் என்று பாடினார். பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார் என்பது ஐதீகம். திரும்பி வரச்சொல்லிப் பாடியபோது திரும்பிவந்து படுத்ததால் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் நிலைத்தது. வேயியில் வென்றவன் அழைக்கத் தெய்வம் போயிற்று. தைரில் போய்விடுமோ என்று தெய்வம் கட்டப்பட்டது. இங்கே ஓர் அடியவருக்காகத் தெய்வம் தன் ஊரையே துறக்கிறது. தெய்வத்தின் ஆற்றல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். உறவு வேறு என்பதால் கதை வேறாகிவிட்டது. உங்கள் ஆற்றுத் தெய்வம் மறைவதை எழுதுவதற்கு முன், அது யாருடைய சொல்லுக்காகப் போகிறது, யாருடைய சொல் கேட்டிருந்தால் தங்கியிருக்கும் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

தெய்வத்தைக் கண்முன் கொண்டுவரும் காட்சிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேரொளி, இடிக்குரல், ஆயிரம் அடி உயரம் ஆகியவை ஒருமுறை வேலைசெய்யும். இரண்டாம் முறை வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது அந்நகரின் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் வருகிறாள். உடலின் இடப்பக்கம் நீலமாக இருண்டும் வலப்பக்கம் பொன்னாகவும், ஒரு கையில் தாமரையும் மறு கையில் வாளுமாக இளங்கோவடிகள் அவளை வர்ணிக்கிறார். இத்தனை மாட்சி உடையவள், கண்ணகியின் முன்னால் வந்து நிற்க இயலாமல் பின்புறமாக நின்று பேசுகிறாள்; தன் மனத்துயரைக் கேட்கும்படி வேண்டுகிறாள்; பாண்டியர்களின் பழைய நேர்மைக்குச் சான்று சொல்லி, நடந்ததற்கு விளக்கம் கொடுக்கிறாள். காவல் காக்கத் தவறிய தெய்வம், கணவனை இழந்த ஒரு மனிதப்பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவதைவிடப் பெரிய தெய்வக்காட்சியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உருவ வர்ணனை சில வரிகள்தான். நிற்கும் இடம்தான் நம்மை உலுக்குகிறது. உங்கள் தெய்வம் தோன்றும் ஒவ்வொரு காட்சியிலும், அது எங்கே நிற்கிறது, யார் முகத்தை யார் தவிர்க்கிறார் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒளியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பயணத்தைப் பொறுத்தவரை ஒரு நெருடல் இருக்கிறது. ஆற்றுத் தெய்வம் ஆற்றை விட்டு எப்படி வெளியே வருகிறது? இப்போது அது மனித உருவெடுத்துப் பக்கத்தில் நடந்துவருகிறது, வழியெல்லாம் வேடிக்கையாகப் பேசுகிறது. இடத்தோடு கட்டுண்ட தெய்வத்துக்கு எல்லை தாண்டுவது பெரிய இழப்பாக இருக்கவேண்டும். பாபிலோனில், அந்நகரின் தலைமைத் தெய்வமான மர்துக்கின் சிலையைப் பகைவர்கள் கொண்டுபோன காலங்களில், தெய்வமே ஊரில் இல்லை என்று மக்கள் கருதினார்கள். மன்னர் நபோனிடஸ் பல ஆண்டுகள் நகரை விட்டு விலகி அரேபியாவின் தைமாவில் தங்கியிருந்தபோது புத்தாண்டு விழாவையே நடத்த முடியாமல் போயிற்று. அந்த விழாவில் பூசகர் மன்னரின் சின்னங்களைக் களைந்து கன்னத்தில் அறைவார், மன்னரின் கண்ணில் நீர் வந்தால் தெய்வம் மகிழ்ந்தது என்று பொருள். அறை வாங்க மன்னர் ஊரில் இருந்தாகவேண்டும். இடம், காலம், ஆள் மூன்றும் சேர்ந்தால்தான் உறவு நடக்கும் என்ற இந்தக் கண்டிப்பு உங்கள் கதைக்கு நல்ல முடிச்சுகளைத் தரும். அவள் ஆற்றுநீரை ஒரு குடத்தில் சுமந்து போகலாம். நீர் குறையக் குறையத் தெய்வத்தின் பேச்சு குறையலாம். பாலைநிலத்தில் தாகத்தால் சாகும் குழந்தை ஒன்றை அவள் சந்திக்கலாம். அந்தக் குழந்தைக்கு நீரைக் கொடுத்தால் அது வழிபாடா, துரோகமா? இந்தக் கேள்வியைத் தெய்வத்திடமே அவள் கேட்கட்டும்.

பகைத் தெய்வங்களைப் பற்றி ஒன்று மட்டும். அவர்களின் அடியவர்களை நீங்கள் மூடர்களாகவும் வெறியர்களாகவும் எழுதியிருப்பது நாவலின் மிகப் பெரிய பலவீனம் என்று தயங்காமல் சொல்வேன். எரிமலைத் தெய்வத்தை வணங்குபவர்களுக்கும் விடியற்காலை உண்டு, உடைந்த விரல் உண்டு, திருடுபோன மேலாடை உண்டு. அவர்கள் தெய்வம் அவர்களுக்கு வாக்குத் தவறாமல் இருந்திருக்கக்கூடும். உங்கள் கதாநாயகியின் தெய்வம் தவறியிருக்கக்கூடும். அப்படி ஒரு பூசகரை அவள் சந்தித்து, அவர் நிம்மதியைக் கண்டு பொறாமைப்பட்டால், அந்த மோதலுக்கு இப்போது இல்லாத கனம் கிடைக்கும்.

கடைசி அடியவள் என்பதற்கு வருகிறேன். எகிப்தின் ஃபிலே தீவுக் கோயிலில், கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று, ஐசிஸின் பூசகரான நெஸ்மெட்டெராகெம் என்பவர் மண்டுலிஸ் என்ற தெய்வத்தின் உருவத்துக்கு அருகில் ஒரு கல்வெட்டைப் பொறித்தார். காலம் குறிக்கப்பட்ட சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் நமக்குத் தெரிந்த கடைசி அதுதான். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வழங்கிய ஓர் எழுத்துமுறை அந்தச் சுவரில் முடிகிறது. அதில் அவர் எழுதியிருப்பதோ, என்றென்றைக்குமாக என்று. அந்தக் கோயிலில் வழிபாடு அதன் பிறகும் நடந்தது; பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், 6-ஆம் நூற்றாண்டில்தான் அது மூடப்பட்டது. ஆகவே அந்தப் பூசகருக்குத் தாம் கடைசி என்ற எண்ணம் இருந்திருக்க இடமில்லை. கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கதாநாயகியோ முதல் பக்கத்திலிருந்தே 'நான்தான் கடைசி' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது தெரியாமல் இருக்கட்டும். மலைக்கு அப்பால், ஆற்றின் மேல்நிலத்தில், தன்னைப் போல இன்னும் நாற்பது குடும்பமாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டே அவள் நடக்கட்டும். தெய்வத்துக்கு உண்மை தெரியும், சொல்ல வாய் வரவில்லை. அப்போது பயணம் முழுவதும் தெய்வமே அவளிடம் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு வருகிறது, கடன் தெய்வத்தின் பக்கம் ஏறிக்கொண்டே போகிறது.

எனவே பதினான்காம் அத்தியாயத்தின் போரை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிடுங்கள். நாவல் தொடங்குவதற்கு முந்தைய நாள் காலையை, நாவலில் சேர்ப்பதாக இல்லாவிட்டாலும், ஐந்து பக்கம் எழுதிப் பாருங்கள்: அவள் எழுந்திருக்கிறாள், படித்துறையைக் கூட்டுகிறாள், முன்தினம் கேட்டது கிடைக்கவில்லை, சடங்கின் நான்காம் வரி நினைவுக்கு வரவில்லை, தானாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறாள். பிறகு அதே ஐந்து பக்கத்தை, தண்ணீருக்கு அடியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த தெய்வத்தின் பார்வையில் ஒருமுறை எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று பக்க ஆற்றல் விதிகளில் எவை இன்னும் தேவைப்படுகின்றன என்று பார்த்து, மற்றவற்றை அடித்துவிடுங்கள்.